நடையைத் தின்ற நாற்காலி

குடை அனுமதி அலுவலகத்தின் பின்தாழ்வாரம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் நீளம். பங்குனி மாதக் கடைசி வரை அது நாற்பது அடிதான் இருந்தது. மிச்சத்தைச் சேர்த்தவர் தலைமை எழுத்தர் சிற்றம்பலம்.

வெளியே யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. உள்ளே ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் சிற்றம்பலம்தான்.

அலுவலகம் பாளையங்கோட்டையில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். ஊரில் யார் குடை பிடித்தாலும் அங்கே வந்து அனுமதி வாங்க வேண்டும். கறுப்புக் குடைக்கு ஒரு படிவம். பூப்போட்ட குடைக்கு இரண்டு. முன்வாசலை ஒட்டி ஒரு சன்னல். சன்னலுக்கு உள்ளே சிற்றம்பலத்தின் நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் தாழ்வாரம் தொடங்கும். அதன் அந்தக் கோடியில் தண்ணீர்ப் பானை, படிவ அலமாரி, பின்வாசல். அலுவலக உதவியாளர் பேச்சியம்மாள் அங்கேதான் ஒரு முக்காலியில் இருப்பாள். மேசை மணி அடித்தால் தண்ணீர் கொண்டுவருவாள். முப்பது வருஷமாக நடக்கிற காரியம். சிற்றம்பலம் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மணிதான் பேர்.

அந்த அலுவலகத்தில் ஒருவரும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஐந்தே முக்காலுக்குத்தான் எழுந்திருப்பது. சாப்பாடு மேசையிலேயே. மற்றத் தேவைகளைப் பற்றி அலுவலக விதிகளில் குறிப்பு இல்லை. ஆகவே சிற்றம்பலமும் அவற்றை வைத்துக்கொள்ளவில்லை.

காரணம் இருந்தது. முன்பு பக்கத்து நாற்காலியில் சுடலைமுத்து என்று ஓர் எழுத்தர் இருந்தார். ஒரு நாள் தாகம் பொறுக்காமல் தானே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் அவர் நாற்காலியில் ஓர் இரும்பு அலமாரி உட்கார்ந்திருந்தது. அலமாரி வேலையை ஒழுங்காகவே பார்த்தது. இப்போது அது சங்கரன்கோவில் கிளையில் உதவி அலுவலர். சுடலைமுத்து அடிக்கடி வந்து சன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பார். அவரிடம் குடை கிடையாது. சும்மா நின்றுவிட்டுப் போவார்.

அன்றைக்கே சிற்றம்பலம் ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி நாற்காலி முதுகில் போட்டுக்கொண்டார். துண்டு கிடந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். ஆனாலும் துண்டை நம்பி அவர் ஒரு தரம்கூட எழுந்ததில்லை.

சித்திரை பிறந்ததும் டாக்டர் அவருடைய ரத்தத்தைப் பார்த்தார். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, காலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் இறங்கிவிடும் என்றார். சிற்றம்பலம் சொன்ன சொல் கேட்கிறவர். காற்று அடைத்த அடிப்பாகம் கொண்ட ஷூ ஒரு ஜோடி வாங்கினார். மறுநாள் விடியக்காலம் மைதானத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் நடந்தார். பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்கு மணியடித்தார். மணியடித்த அடுத்த நிமிஷம் தண்ணீர் வருவது வழக்கம். அன்றைக்கு அரைமணி கழித்து வந்தது. பேச்சியம்மாளின் நெற்றியில் வேர்வை.

தாழ்வாரம் கொஞ்சம் நீண்டு போச்சுது சார் என்றாள். வெள்ளையடித்திருக்கிறார்கள், அதனால் அப்படித் தெரியும் என்றார் சிற்றம்பலம். வெள்ளையடித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர் திரும்பிப் பார்த்திருந்தார். தாழ்வாரம் சரியாக இரண்டு கிலோமீட்டர் கூடியிருந்தது. தான் நடந்த தூரத்தை ஒரு மனுஷனுக்கு அடையாளம் தெரியாதா. மைதானத்தில் கிடந்த ஒரு ஐஸ்குச்சிகூட அங்கே தரையில் கிடந்தது.

இது முதல் பொய். கணக்குக்கு வேறு பொய்களும் வரும்.

அந்த வாரம் முழுக்க இப்படியே. காலையில் இரண்டு கிலோமீட்டர் நடப்பார். வந்து உட்கார்வார். மதியத்துக்குள் நாற்காலி அதைத் தின்று தாழ்வாரமாகப் பின்பக்கம் போட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் இல்லை. அன்றைக்கு நடந்த நடை மட்டும் அவர் உடம்பிலேயே தங்கியது. திங்கட்கிழமை காலையில் இடுப்பு வார் ஒரு துளை உள்ளே போயிற்று. மைதானத்தில் இரண்டு பேர், அண்ணாச்சி மெலிஞ்சிட்டிய என்றார்கள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் வார் பழைய துளைக்கே வந்துவிட்டது.

சந்தோஷம் மட்டும் அவரோடு அலுவலகத்துக்கு வரவில்லை, அங்கேயே மைதானத்தில் நின்றுகொண்டது. அதைப் பார்க்கவே மறுநாளும் போனார்.

தாழ்வாரம் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆனபோது அவருக்கு மனசு உறுத்தியது. பேச்சியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவரைவிட நாலு வயது மூப்பு. இடது முழங்கால் படிக்கட்டைக் கண்டாலே பேசும். அதோடு அவள் வெறுங்காலில் நடந்தாள். உதவியாளர்கள் செருப்பைப் பின்வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவது. அப்படி எந்த உத்தரவும் இல்லை. யாரும் போட்டுக்கொண்டு வந்ததும் இல்லை.

உறுத்தலுக்கு ஏதாவது செய்யத்தானே வேண்டும். சிற்றம்பலம் யோசித்தார். நாற்காலி தின்பது போக மிச்சம் நிற்கிற அளவுக்கு நடந்துவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தார். மறுநாளிலிருந்து ஐந்து கிலோமீட்டர் நடந்தார்.

நாற்காலிக்கு அது பிடித்துப்போயிற்று.

அடுத்த சனிக்கிழமை தாழ்வாரம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அதோடு நீளம் நின்றது; பிறகு தின்றதை நாற்காலி தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டது. மணியடித்தால் சத்தம் அந்தக் கோடிக்குப் போய்ச்சேர இரண்டு நிமிஷம் ஆயிற்று. தண்ணீர் வந்துசேர ஒரு நாள். பேச்சியம்மாள் பழைய அதிகாரிகளின் படங்களுக்குக் கீழே படுத்து எழுந்து வந்தாள். ஒன்பதாவது கிலோமீட்டரில் மழை பெய்வதாகச் சொன்னாள். ஒரு குடை கிடைத்தால் நல்லது என்றாள். குடைக்குச் சன்னலுக்கு வெளியே வரிசையில் வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றார் சிற்றம்பலம். முன்வாசல் வழியாக இரண்டு எட்டு வைத்தால் வரிசை. ஆனால் தெருவில் இறங்கச் செருப்பு வேண்டும். செருப்பு பின்வாசலில் கிடந்தது. அவள் வாசலைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். திரும்பி நடந்தாள்.

அவள் போன பிறகு அவர் தண்ணீரைக் குடித்தார். நல்ல தண்ணீர். அதுதான் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை நாற்காலி ஆய்வாளர் வந்தார். பேர் அருளப்பன். வருஷத்துக்கு ஒருமுறை வந்து நாற்காலிகளை நிறுத்துப் பார்ப்பது அவர் வேலை. ஆளோடு சேர்த்து நிறுத்து, ஆளைக் கழித்துக்கொள்வார். சிற்றம்பலத்தின் நாற்காலி போன வருஷம் ஒன்பது கிலோ. இந்த வருஷம் நூற்று நாற்பது. அருளப்பன் குனிந்து அதன் காலில் காதை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"காலையில நடக்கீரோ வேய்?"

"நடக்கேன். அஞ்சு கிலோமீட்டர்."

"அதுக்குப் பொறவு?"

"உக்காருவேன்."

"எப்ப எந்திரிப்பீரு?"

"அஞ்சே முக்காலுக்கு."

அருளப்பன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார். நடந்ததில் தப்பே இல்லை. ஆனால் காலையில் நடந்துவிட்டோம் என்று மிச்ச நாள் பூராவும் அசையாமல் உட்கார்ந்தால் நாற்காலி சும்மா இருக்காது, நடந்ததை எல்லாம் எடுத்துக்கொள்ளும். நடையைக் கூட்டினால் அதற்குப் பசி கூடும். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நாலு எட்டு போய்விட்டு வந்தால் போதும். அதற்கு வாய் வைக்க நேரம் கிடைக்காது. தாழ்வாரமும் ஒவ்வொரு தரை ஓடாகச் சுருங்கும்.

"அம்புட்டுத்தானா?" என்றார் சிற்றம்பலம்.

"அம்புட்டுத்தான். அரசமரத்தச் சுத்தச் சொல்லுவேன்னு நெனச்சீரா?"

எழுந்தால் நாற்காலி போய்விடுமே என்றார் சிற்றம்பலம். அதற்கு எழுந்து நிற்றல் அனுமதிப் படிவம் இருக்கிறது, படிவ அலமாரியில் கேளும் என்று சொல்லிவிட்டு அருளப்பன் அடுத்த அலுவலகத்துக்குப் போனார்.

படிவ அலமாரி தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருந்தது.

சிற்றம்பலம் நெடுநேரம் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிவம் கிடைத்தால் எழுந்திருக்கலாம். எழுந்தால் தாழ்வாரம் சுருங்கும். சுருங்கினால் அந்த அம்மாளுக்கு நல்லது. ஆகவே இது அவளுக்காகத்தான். இப்படி ஒரு படி, அடுத்த படி என்று இறங்கி வந்து மணியை அடித்தார்.

புதன்கிழமை படிவம் வந்தது. பேச்சியம்மாளின் கால் விரல்கள் இரண்டு வெடித்திருந்தன. படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. இரண்டு பிரதிகள் தேவை.

சிற்றம்பலம் அதை அவளிடம் காட்டினார். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு வேலையைத் தள்ளிவைக்கக் கேட்டாள்.

"சார், வீட்ல ஆடு நெறசென. இன்னைக்கோ நாளைக்கோ ஈனிப்போடும். தலைச்சன் ஈத்து. பக்கத்துல ஆளு இல்லன்னா பயந்துக்கிடும். படிவத்த ரெண்டு நாள் கழிச்சு எடுத்தாந்தா ஆவாதா?"

அவள் வீடு பின்வாசலிலிருந்து கூப்பிடு தூரம். ஆளில்லாத வீடு. ஆடு மட்டும்தான்.

ஆகும் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். சிற்றம்பலம் சன்னலைப் பார்த்தார். வெளியே வரிசையில் சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தார்.

"ஆபீஸ் காரியமாச்சே" என்றார்.

"சரி சார்" என்றாள் பேச்சியம்மாள்.

அவள் போவதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்காலின் சத்தம் மட்டும் கேட்டது. இடது காலுக்கு ஒரு சத்தம், வலது காலுக்கு ஒரு சத்தம். இரண்டும் ஒன்றுபோல இல்லை.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. அவர் நடக்கவும் போகவில்லை. நாற்காலிக்குத் தீனி இல்லை. அது அவர் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்த நடையைத் தின்றது. வீட்டு மாடிப்படி ஏறியதைத் தின்றது. நாலாம் வகுப்பில் ஓட்டப் பந்தயத்தில் அவர் மூன்றாவதாக வந்திருந்தார். பத்தரை மணிக்கு அது தன் ஞாபகத்தில் ஐந்தாவதாகிவிட்டதைக் கவனித்தார்.

வெள்ளிக்கிழமையும் அவள் வரவில்லை. தண்ணீர் இல்லாமல் நாக்கு ஒட்டியது. அவர் மணியடிக்கவில்லை. சும்மா இருந்தார். சும்மா இருப்பதுதான் இத்தனைக்கும் காரணம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

சனிக்கிழமை பதினொன்று பத்துக்கு அவர் எழுந்து நின்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. முழங்கால் இரண்டும் கேள்வி கேட்பதுபோல ஒரு சத்தம் போட்டன. நாற்காலி அவரைப் பார்த்தது. அவர் துண்டைச் சரியாக விரித்துவிட்டார். பேனாவை மூடித் துண்டின் பக்கத்தில் வைத்தார். இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தார். துண்டு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. சன்னலுக்கு வெளியே ஒருவர் படிவத்தை நீட்டினார். துண்டு வாங்கிக்கொண்டது.

சுடலைமுத்து வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். போய்ட்டு வாரும் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

தாழ்வாரத்தில் எப்போதும் மாலை நாலு மணி. மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு வேப்பமரம் தரை ஓட்டைப் பிளந்துகொண்டு நின்றது. ஒன்பதாவது கிலோமீட்டரில் மழை பெய்தது. அவரிடம் குடை இல்லை. ஊருக்கெல்லாம் அனுமதி கொடுத்தவர், தனக்கு விண்ணப்பிக்கவில்லை. அதற்கும் எழுந்து சன்னலுக்கு வெளியே போயிருக்க வேண்டும். நனைந்துகொண்டே நடந்தார். சுவரோரமாக இருபத்தேழு அதிகாரிகளின் படங்கள் திரும்பத் திரும்ப வந்தன. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கங்கே தரையில் ஈரக்கால் தடம். ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் லேசாக. அதைப் பார்க்காமல் நடக்க முயன்றார். பார்க்காமல் நடந்தால் வழி தெரியவில்லை.

அந்தி ஆகவேண்டிய நேரத்துக்கு, அதாவது நாலு மணிக்கு, இருபத்தோராவது கிலோமீட்டரில் அவளைக் கண்டார். சுவரில் சாய்ந்து கால்நீட்டி இருந்தாள். ஒரு கையில் இரண்டாவது படிவம். இன்னொரு கையில் தண்ணீர் டம்ளர். பாதித் தண்ணீர் இருந்தது.

கூப்பிட வேண்டும். கையில் மணி இல்லை. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"அக்கா" என்றார்.

"ஆரு?"

"நாந்தான். சிற்றம்பலம்."

அவள் அவசரமாக எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் விடவில்லை. அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"சீட்ல ஆரு இருக்கா?"

"துண்டு."

பேச்சியம்மாள் யோசித்தாள். "துண்டு நல்ல ஆளுதான்" என்றாள். "சள்ளை பண்ணாது."

படிவத்தை நீட்டினாள். அவர் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முதல் பிரதி மேசையில் கிடந்தது. எழுந்து வந்துவிட்டவருக்கு இது இனி எதற்கும் உதவாது. ஆனால் அதை அவள் நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் பாதி சுமந்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆடு ஈன்றுவிட்டதா என்று கேட்டார். தெரியாது என்றாள். படிவம் எடுக்கப் போன அன்றைக்குப் பின்வாசல் வரை போனேன், சத்தம் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போய் எட்டிப் பார்க்கலாம் என்று செருப்பில் காலை நுழைத்தேன், அந்நேரம் பார்த்து மணி அடித்தது என்றாள்.

சிற்றம்பலம் வியாழன், வெள்ளி மணியே அடிக்கவில்லை. புதன்கிழமை அவள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு தரம் அடித்திருந்தார். பழக்கத்தில் கை போய்விட்டது. அது இத்தனை நேரம் தாழ்வாரத்தில் அலைந்து திரிந்து அவள் காலைச் செருப்பில் நுழைத்த நேரம் பார்த்துப் போய்ச்சேர்ந்திருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் போக வேண்டிய சத்தம். அதுவும் நடந்தே போயிருக்கிறது.

அவர் தரையில் உட்கார்ந்தார். ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். ஷூ இரண்டையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஆபீஸுக்குள்ள எப்படி சார் போட்டுக்கிட்டு நடக்க" என்றாள்.

"நான் நடக்கலியா?"

அவளுக்கு அது சரியான பதிலாகப் பட்டதா என்பது தெரியவில்லை. வெடித்த விரல்களை மெதுவாக உள்ளே விட்டாள். கயிறு கட்டத் தெரியவில்லை. அவர் கட்டிவிட்டார். முடிச்சை இரண்டு தரம் போட்டார். தலையை நிமிர்த்தவில்லை. அந்த முடிச்சு பற்றி அவருக்கு அவ்வளவு கவனம்.

"அக்கா, நான் அன்னைக்கே போவச் சொல்லிருக்கணும்."

"ஆமா" என்றாள் பேச்சியம்மாள்.

அவ்வளவுதான். பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என அவர் கொஞ்சம் எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தாள். டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். வேலையைப் பற்றி அவருக்குத் தெரியவேண்டிய இரண்டு விஷயங்களைச் சொன்னாள். மழை பெய்கிற இடத்தில் டம்ளரை நீட்டிப் பிடித்தால் நிறைந்துவிடும், இத்தனை நாள் அப்படித்தான் நிறைத்தேன் என்பது ஒன்று. இன்னொன்றை நாலு எட்டு போய்த் திரும்பி நின்று சொன்னாள்.

"மொத மணிக்கு எந்திரிக்காதிய. ரெண்டாவது மணிக்கு எந்திரிச்சாப் போதும். மொத மணி சும்மா கை போறது."

பின்வாசலைப் பார்த்து நடந்தாள். காற்று அடைத்த ஷூ சத்தமே போடவில்லை.

சிற்றம்பலம் வெறுங்காலில் முன்பக்கம் நடந்தார். ஓடு குளிர்ந்து கிடந்தது. மழையில் டம்ளரை நீட்டிப் பிடித்தார். நிறைந்தது. நாற்காலிக்கு வந்து மேசையில் வைத்தார். துண்டு நிமிர்ந்து பார்க்கவில்லை. அது ஒரு பூப்போட்ட குடைக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரைக் குடித்தது. குடித்த இடம் மட்டும் ஈரமாயிற்று.

அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். தாழ்வாரம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தார். வேப்பமரம் ஓர் ஓடு முன்னால் வந்திருந்தது. ஓர் ஓடு, ஓர் அடி. இடுப்பு வாரைத் தொட்டுப் பார்த்தார். முதல்முறையாக நடந்த நடை நடந்த இடத்திலேயே இருந்தது. இதற்குச் சந்தோஷப்படலாமா என்று யோசித்தார். படக்கூடாது என்று தீர்மானித்தார்.

இருபத்தோராவது கிலோமீட்டருக்கு வந்தபோது கால் இரண்டும் கல்லாகிவிட்டன. அவள் சாய்ந்திருந்த இடத்திலேயே சாய்ந்து உட்கார்ந்தார். சுவரில் அவள் முதுகு சாய்ந்த ஈரம் இன்னும் காயவில்லை.

அப்போது பின்வாசல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிய சத்தம். புதிதாகத் தொண்டை கிடைத்த ஒன்று அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுபோல. அதற்குப் பின்னால் இன்னொன்று. இரண்டு குட்டி. சத்தம் அங்கிருந்து புறப்பட்டு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பெரிய ஆட்டின் சத்தம் வருகிறதா என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கொஞ்சம் தாமதித்து அதுவும் வந்தது. பயந்த சத்தமாகத் தெரியவில்லை. பேச்சியம்மாள் எதையோ அதட்டுகிற சத்தமும் அதோடு கலந்திருந்தது.

எதிர்ப்பக்கம், துண்டு இருக்கிற மேசையிலிருந்து மணி அடித்தது.

முதல் மணி. சும்மா கை போவது. இரண்டாவது மணிக்கு எழுந்தால் போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். உட்கார்ந்து இன்னும் அரைமணிகூட ஆகவில்லை.

சிற்றம்பலம் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.